ஒரு நோட்டீசும் ஒரு நத்தையும்

நான் எழுதியவற்றுள் அதிகப் பலன் கொடுத்தது எது என்று யாராவது கேட்டால், என் நாவல்களில் ஒன்றைச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் உண்மை வேறு. படித்தவர்கள் மறுநாளே கையில் பணத்தோடு கடைக்குக் கிளம்பும்படி நான் எழுதியது ஒன்றே ஒன்றுதான். மொத்தம் பதினாறு வரி. 1978-ம் வருஷம் தூத்துக்குடியில், மஞ்சள் காகிதத்தில், என் பெயர் இல்லாமல் அச்சாயிற்று. கப்பலின் அடிப்புறத்தில் பூசுகிற பெயிண்டுக்கான விளம்பர நோட்டீஸ் அது.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பி.ஏ. முடித்துவிட்டு, கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது சித்தர்களுக்குப் பெருமையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு நல்ல பெயர் கிடையாது. மாமா ஒருவர், துறைமுகச் சாலையில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிற ஒரு கம்பெனியில் என்னைக் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். கயிறு, கிரீஸ், உருளைக்கிழங்கு, துடைப்பம், பெயிண்ட் என்று கப்பலுக்கு வேண்டியது எதுவானாலும் அங்கே கிடைக்கும். தூத்துக்குடி பெரிய துறைமுகம் என்று 1974-ல் அறிவிக்கப்பட்டு நாலு வருஷமாகியிருந்தது. ஊரே எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம்.

ஒருநாள் மானேஜர் கூப்பிட்டார். மேஜையின் மேல் வழவழவென்று ஓர் இங்கிலீஷ் புத்தகம்; அட்டையில் நீலக் கடல், வெள்ளைக் கப்பல்.

"நீ என்னவோ கதையெல்லாம் எழுதுகிறாயாமே?" என்றார், குற்றப் பத்திரிகை வாசிக்கிற தோரணையில்.

"எப்பவாவது, சார்."

"இதைத் தமிழில் பண்ணு. படகு முதலாளி, மேஸ்திரி எல்லாருக்கும் புரிய வேண்டும். பதினாறு வரிக்கு மேல் போகாதே. அச்சுக்கூலி நான் கொடுக்கணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்களைப் பார்த்துவிட்டேன். தமக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் வேறு ஒருவரும் இல்லை.

அந்தப் பெயிண்டின் மகிமையைப் புரிந்துகொள்ளக் கப்பலின் கஷ்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடலில் எதைப் போட்டு வைத்தாலும் அதன்மேல் ஏதாவது வந்து குடியேறும். முதலில் வழவழப்பு, அப்புறம் பாசி, அப்புறம் கொட்டலசு. சின்ன எரிமலை மாதிரி வெள்ளையாகக் கூம்பிக்கொண்டு, உளி வைத்தால்தான் பெயர்ந்து வருகிற அந்தச் சிப்பிப் பிராணியைத் துறைமுகத்துத் தூண்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். காப்பு ஒன்றும் இல்லாத கப்பலில் ஆறு மாதத்துக்குள் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ வரை ஒட்டிக்கொள்ளும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்குச் சொல்கிறது. ராட்சத எண்ணெய்க் கப்பலுக்கு நீருக்கடியில் 40,000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. பெருக்கிப் பாருங்கள்: 6,000 டன். கூலி கொடுக்காத பிரயாணிகள் இத்தனை பேரைச் சுமந்தால் கப்பல் எப்படி ஓடும்? எண்ணெய்தான் செலவாகும்.

நம் தோணிகளுக்கு மீனெண்ணெயும் குங்கிலியமும் சுண்ணாம்பும் பூசி ஓட்டினார்கள் பெரியவர்கள். பிரிட்டிஷ் கடற்படையினர் 1761-ல் 'அலார்ம்' என்கிற கப்பலின் அடிமரத்துக்குத் தாமிரத் தகடு அடித்துப் பார்த்தார்கள், அது பலித்தது. பிறகு இரும்புக் கப்பல் வந்தது. இரும்பும் தாமிரமும் கடல் நீரில் சேர்ந்தால் இரும்பு அரித்துவிடும், மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் இருக்கிற மாதிரி. ஆகவே தாமிரத்தையும், பாதரசத்தையும், பாஷாணத்தையும் பெயிண்டிலே கலந்து பூச ஆரம்பித்தார்கள். அவை ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம் தாக்குப் பிடிக்கும்.

மானேஜர் என் முன்னால் வைத்த புத்தகத்தில் இருந்தது வேறு ரகம். அதில் விஷச் சரக்கைப் பெயிண்டின் பசையோடேயே ரசாயனமாகப் பிணைத்துவிட்டார்கள். கடல் நீர் பட்டதும் மேல் அடுக்கு மட்டும் மெள்ளக் கரையும். கப்பல் ஓடுகிற வேகத்தில் அது வழித்துக்கொண்டு போகும். அடியிலிருந்து புது அடுக்கு வெளியே வரும். அதில் கொட்டலசுக் குஞ்சு உட்கார வந்தால் அந்த இடத்திலேயே முடிவு. ஐந்து வருஷம் வரை சுரண்ட வேண்டாம்.

'தானே தேய்ந்துகொண்டே வரும் பெயிண்ட்' என்று நான் எழுதிக்கொண்டு போனேன். மானேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தேயும் என்று போட்டால் எவன்யா வாங்குவான்?"

"சோப்பு மாதிரி, சார். தேயத் தேயப் புதுசாக வருகிறது."

"அப்போ புதுசு என்று போடு. தேய்கிறதைப் பற்றி ஏன் பேசுகிறாய்?"

இப்படியாகத்தான் என் இலக்கியப் பயிற்சி தொடங்கியது. 'நாளெல்லாம் புதுசு!' என்று தலைப்பு வைத்தேன். கூட்டுச் சரக்கின் பெயர் ட்ரைபியூட்டில்டின் என்று புத்தகத்தில் இருந்தது. அது வாயில் நுழையவில்லை. 'விசேஷ ரசாயனம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

நோட்டீசை டீக்கடைகளில் ஒட்டினோம். இழுவைப் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டுகிற இடத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். நாற்பது வருஷமாகக் கப்பலடியைத் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியவர். எழுத்து வாசனை இல்லாதவர். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க எழுதினதாமே? வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். ரசிகர் முன்னால் வாசிக்கிற சந்தோஷத்தோடுதான் வாசித்தேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தேஞ்சது எங்கன போகுது?" என்றார்.

"கடலுக்குத்தான், அண்ணாச்சி."

"ஒட்ட வர்றது சாகுதுன்னா, ஒட்டாதது சாகாதோ?"

"கடல் எம்மாம் பெரிசு! ஒரு டின் பெயிண்டு அதை என்ன செய்யும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படித்த பிள்ளை சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. நோட்டீஸ் நன்றாக வேலை செய்தது. எனக்கு ஐம்பது ரூபாய் தனியாகக் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் வேலையை விட்டேன். கதை எழுதிப் பிழைக்கலாம் என்று சென்னைக்கு வந்தேன். பெயிண்டை மறந்தும் போனேன்.

மறுபடியும் அதை ஞாபகப்படுத்தியது ஒரு நத்தை.

2016-ல் நாங்கள் இங்கிலாந்து போயிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் ப்ளிமத் ஊரில் டாக்டர்கள். தென்மேற்கு மூலையில் உள்ள பழைய கடற்படைத் துறைமுகம் அது. மேட்டின்மேல் புல்வெளி, அதன் ஓரத்தில் 1888-ல் திறந்த கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம், கீழே மலைகளுக்கு நடுவில் விரிந்து கிடக்கிற விரிகுடா. பேத்திக்கு அப்போது எட்டு வயசு. கடல் வற்றுகிற நேரத்துக்கு ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு, தினமும் என்னைப் பாறைக்கு இழுத்துக்கொண்டு போவாள். நம் ஊரில் கடல் ஒரு முழம் இறங்கும், ஒரு முழம் ஏறும். அங்கே பெரிய வற்றமென்றால் ஐந்து மீட்டர் வரை இறங்கிவிடுகிறது. சமுத்திர ராஜன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போன மாதிரி பாறை, பாசி, குட்டை எல்லாம் வெளியே வந்துவிடும்.

அங்கே கொட்டலசு ஒட்டிய பாறைகளின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான நத்தைகள் உட்கார்ந்திருந்தன. தடித்த ஓடு. 'டாக்வெல்க்' என்றாள் பேத்தி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கப் பரம சாது. ஆனால் கொட்டலசையும் பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டும் கருநீலச் சிப்பிகளையும் தின்பதுதான் அதன் தொழில். நாக்கில் அரம் வைத்திருக்கிறது. அமிலத்தைத் தடவி ஓட்டை இளக்கி, அரத்தால் ராவி, நூல் நுழைகிற துவாரம் போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். ஒரு சிப்பியை முடிக்க நாள் கணக்காகும். அதனால் சிப்பிகளும் சும்மா இருப்பதில்லை. பாறையைப் பிடிப்பதற்கென்று தாம் விடுகிற நார்களை நத்தையின் ஓட்டின் மேல் வீசி ஒட்டி, நாலைந்து பேராகச் சேர்ந்து கட்டிப் போட்டுவிடும். கட்டுண்ட நத்தை அங்கேயே பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். கம்பராமாயணத்து நாகபாசத்துக்குக் கருடன் வந்து சேர்ந்தான்; இந்த நத்தைக்கு வருகிறவன் யாரும் இல்லை. நான் வெகு நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பேத்திக்குப் பொறுமை போய்விட்டது.

பக்கத்துப் பாறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். "இப்போது பரவாயில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் உள்துறைமுகப் பக்கத்துப் பாறைகளில் தேடினாலும் ஒன்று அகப்படாது" என்றார். ஏன் என்று கேட்டேன். "பெயிண்ட்" என்றார்.

"என்ன பெயிண்ட்?"

"கப்பலுக்கு அடியில் பூசுகிறார்களே, அந்தத் தகரப் பெயிண்ட்."

எனக்கு என்னவோ போல் இருந்தது. வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மகள் வந்து, "என்னப்பா, புது நாவலா?" என்று கேட்டாள்.

இனி நான் சொல்லப்போவது குடும்பப் பத்திரிகையில் எழுதக் கொஞ்சம் கூச்சமான விஷயம். நத்தைதானே என்று வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

1970-ல் ஸ்டீபன் பிளேபர் என்கிற ஆராய்ச்சியாளர் இந்த ப்ளிமத் கரையோரத்து நத்தைகளைச் சோதித்தபோது, பெண் நத்தைகளில் ஆணுறுப்பு முளைத்திருப்பதைக் கண்டார். வலது உணர்கொம்புக்குப் பின்னால், ஆணுக்கு இருக்கிற அதே இடத்தில். துறைமுகத்தை ஒட்டிய இடங்களில் இது அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. மறு வருஷம் அமெரிக்காவில் ஸ்மித் என்பவர் இன்னொரு ஜாதிச் சேற்று நத்தையில் அதையே பார்த்து, 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார். திணிக்கப்பட்ட பால் என்று அர்த்தம். உல்லாசப் படகுகள் கட்டுகிற துறைகளின் பக்கத்தில்தான் அது இருந்தது. படகுப் பெயிண்டில் உள்ள ட்ரைபியூட்டில்டின்தான் காரணம் என்று அவரே 1981-ல் சொன்னார். நடுவில் பத்து வருஷம். உலகத்தில் நத்தையின் அந்தரங்கத்தைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம் இருந்தது?

அர்த்தநாரீசுவரர் என்று யாராவது உவமை சொல்ல வந்துவிடப் போகிறார்கள். அது அம்மையும் அப்பனும் மனமொப்பிச் செய்த காரியம். இது அப்படியில்லை. ஆணுறுப்பு முளைத்ததோடு நின்றால்கூடப் பாதகமில்லை. நத்தை அதைச் சுமந்துகொண்டு காலம் தள்ளிவிடும். அதைத் தொடர்ந்து ஆணுக்குரிய நாளமும் வளர்கிறது. அந்தச் சதை, முட்டை வெளியே வர வேண்டிய வாசலின் மேல் படர்ந்து அதை அடைத்துவிடுகிறது. உள்ளே முட்டைக் கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்குகின்றன. வெளியே வர வழியில்லை. கடைசியில் உள்ளுறுப்பு வெடித்துப் பெண் நத்தை செத்துப் போகிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற என் மகள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, போதும், மூடுங்கள்" என்றாள்.

இதற்கு எவ்வளவு விஷம் வேண்டும்? ப்ளிமத் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பிரையன், பீட்டர் கிப்ஸ் முதலியவர்கள் 1980-களில் இதைக் கணக்கிட்டார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் ஒரு நானோகிராம் போதும். நானோகிராம் என்றால் ஒன்றும் புரியாது. ஒரு கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் உள்ள ஏரி ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் குளிக்கப் போன ஒருத்தியின் ஒரு கிராம் மூக்குத்தி விழுந்து முழுக்கக் கரைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அளவு. அந்த ஏரி முழுவதிலும் உள்ள பெண் நத்தைகளின் உடம்பு மாறத் தொடங்கிவிடும்.

கடல் எம்மாம் பெரிசு!

வெள்ளீயம் கெட்ட சாமானா என்றால் அதுவும் இல்லை. நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு அசல் வெள்ளீயம்தான். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுகிறவன் பூசுவதும் அதுதான். அந்த வெள்ளீயத்தோடு மூன்று கரிமச் சங்கிலிகளைக் கோத்துவிட்டால் அதன் குணம் அடியோடு மாறிவிடுகிறது. 1950-களில் ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரில் வான் டெர் கெர்க் என்பவரும் அவருடைய கூட்டாளியும்தான் அதன் கொல்லும் சக்தியைக் கண்டறிந்தார்கள். காளானைக் கொல்லலாம், கிருமியைக் கொல்லலாம் என்று ஆரம்பித்து, கப்பலுக்கு வந்து சேர்ந்தது. நத்தையின் உடம்பில் அது என்ன செய்கிறது என்பது 2004-ல்தான் தெளிவாயிற்று. உயிரணுக்களுக்குள்ளே, வைட்டமின் ஏ-யின் சந்ததியான ஒரு பொருளுக்காகக் காத்திருக்கிற ஒரு பூட்டு உண்டு. இந்த விஷம் அதில் கள்ளச் சாவி மாதிரி நுழைந்து திருகிவிடுகிறது என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

இதில் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. கப்பல்காரர்களின் சத்துரு கொட்டலசு. அந்தக் கொட்டலசைத் தின்று பிழைக்கிறது இந்த நத்தை. பகையாளியின் பகையாளி நண்பன் என்று சாணக்கியன் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கொட்டலசைக் கொல்லப் பூசிய விஷத்தில் முதலில் பாழாய்ப் போனது அதைத் தின்கிற பிராணி. கொட்டலசு இன்னும் உலகம் பூராவும் சௌக்கியமாகவே இருக்கிறது.

வேறு பிராணிகளாக இருந்தால் பக்கத்துக் கரையிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து காலியான இடத்தை நிரப்பிவிடும். இந்த நத்தைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் குஞ்சு கடலில் மிதப்பதில்லை. முட்டைக் கூட்டுக்குள்ளேயே மாதக் கணக்கில் இருந்து, சின்ன நத்தையாகவே வெளியே வந்து, பிறந்த பாறையில் ஊர்ந்துகொண்டு வாழ்கிறது. ஒரு பாறையில் அழிந்தால் அழிந்ததுதான். அடுத்த பாறையிலிருந்து தவழ்ந்து வர எத்தனை தலைமுறையோ. பரம்பரை வீட்டை விட்டு நகராத எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது எனக்கு.

ஒரு விசித்திரமும் நடந்தது. கென்ட் மாவட்டத்தில் டம்ப்டன் என்கிற கரை. விஷம் இருந்தும் அங்கே மட்டும் இந்த நத்தை பிழைத்திருந்தது. ஏன் என்று பார்த்தால், அங்கிருந்த வம்சத்தில் ஒரு பிறவிக் குறை: ஆண்களிலேயே சிலவற்றுக்கு அந்த உறுப்பு சரியாக வளராது. பெண்ணுக்கும் அதே குறை இருந்ததால் விஷம் பட்டும் அது முளைக்கவில்லை; வாசல் அடைபடவில்லை. கிப்ஸ் 1993-ல் இதை எழுதினார். ஊரார் கேலி செய்கிற குறையே குலத்தைக் காப்பாற்றிவிட்ட கதையை நான் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று விமரிசகர்கள் தள்ளியிருப்பார்கள்.

சரி, சட்டம் என்ன செய்தது? சட்டத்தை எழுப்பியது நத்தை அல்ல, சிப்பி. பிரான்ஸ் தேசத்தில் ஆர்க்காஷோன் என்று ஒரு விரிகுடா. உண்ணுகிற சிப்பியை வளர்த்துப் பிழைக்கிற ஊர்கள் அதைச் சுற்றி. 1970-களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் வருஷா வருஷம் பொய்த்துப் போயின. பிழைத்த சிப்பிகளின் ஓடு அடுக்கடுக்காகத் தடித்து, நடுவில் பாகு தேங்கி, உருண்டையாகி, உள்ளே சதை சுண்டிப் போயிற்று. யார் வாங்குவார்கள்? குடும்பங்கள் தெருவுக்கு வருகிற நிலைமை. கோடையில் அந்த விரிகுடாவில் வந்து நிற்கிற ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகளின் பெயிண்டுதான் காரணம் என்று குளோத் அல்சியு என்கிற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டத்தாரும் காட்டினார்கள். 1982 ஜனவரியில் பிரான்ஸ், 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடை செய்தது. அதன்பின் சிப்பிகள் தேறின. சிப்பி விலை போகிற பொருள். அதற்கு வக்கீல் கிடைத்தார். நத்தையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை.

இங்கிலாந்து 1987-ல் சின்னப் படகுகளுக்குத் தடை போட்டது, அமெரிக்கா 1988-ல். பெரிய கப்பல்களை யாரும் தொடவில்லை. எண்ணெய் மிச்சமாகிறதே! அந்த வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். எண்ணெய் மிச்சமானால் புகையும் குறைகிறது. அதோடு சுத்தமான கப்பலடியில் ஒரு தேசத்துப் பிராணி இன்னொரு தேசத்துக்குத் திருட்டுப் பிரயாணம் செய்து அங்கே குடி கெடுக்கவும் முடியாது. ஆகவே பேசிப் பேசி, 2001 அக்டோபரில் லண்டனில் ஓர் உலக ஒப்பந்தம் ஆயிற்று. 2003 முதல் புதிதாகப் பூசக் கூடாது, 2008 முதல் கப்பலில் இருக்கவே கூடாது என்று அதில் எழுதினார்கள். போதுமான தேசங்கள் கையெழுத்திட்டு அது அமலுக்கு வந்தது 2008 செப்டம்பர் 17. பிளேபர் நத்தையைப் பார்த்து முப்பத்தெட்டு வருஷம். தகரத்துக்குப் பதிலாகப் பழைய தாமிரமே திரும்பி வந்தது, கூடவே சில துணை மருந்துகளோடு. அவற்றில் சைபியூட்ரின் என்ற ஒன்று பாசியினங்களைக் கெடுக்கிறது என்று 2023 ஜனவரி முதல் அதற்கும் தடை. விஷமே இல்லாமல், எதுவும் பிடித்துக்கொள்ள முடியாதபடி வழுக்குகிற சிலிக்கோன் பூச்சும் இப்போது உண்டு. அதற்கு யார் நோட்டீஸ் எழுதுகிறார்களோ!

அன்று ராத்திரி கடைசியாக நான் தேடிப் பார்த்தது எங்கள் ஊரை. தேடாமல் இருந்திருக்கலாம். கோவாக் கடலில் 1999-லேயே இந்தக் கோளாறு பதிவாகியிருந்தது. 2002-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில், தூத்துக்குடித் துறைமுகத்து நத்தை ஒன்றில் இம்போசெக்ஸ் என்று ஒரு கட்டுரை வெளியாகியிருக்கிறது. டாக்வெல்க்குக்கு ஒன்றுவிட்ட உறவு; அதே மாதிரி பாறையில் உட்கார்ந்து சிப்பியைத் துளைக்கிற ஜாதி. அது உட்கார்ந்திருந்தது நான் சைக்கிளில் போய்வந்த அதே துறைமுகத்தில்.

என் நோட்டீசினால்தான் என்று சொல்ல எனக்கு யோக்கியதை போதாது. உலகத்துக் கப்பலெல்லாம் அந்தத் துறைக்கு வந்து போயின. எந்தக் கப்பலின் அடியிலிருந்து எது கரைந்தது என்று யார் பிரிப்பது? பதினாறு வரி நோட்டீசுக்கு அவ்வளவு பெருமை கொடுத்துக்கொள்வதும் ஒரு கர்வம்தான். ஆனால் 'விசேஷ ரசாயனம்' என்று எழுதிய கை என்னுடையது. பெரியவருக்குப் பதில் சொன்ன வாயும் என்னுடையது. அவருடைய கேள்வியைத்தான் ப்ளிமத்திலும் ஆர்க்காஷோனிலும் படித்தவர்கள் வருஷக் கணக்காக உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர் அதை டீ ஆறுவதற்குள் கேட்டுவிட்டார். ஊர் திரும்பியதும் விசாரித்தேன். 1991-லேயே காலமாகிவிட்டாராம். அவர் மகன் ஒருவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறார். போய்ப் பார்த்தேன். அப்பா என்னைப் பற்றி எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்டேன். "கதை எழுதுற தம்பி ஒருத்தர் இருந்தார், நல்லா வாசிப்பார்னு சொல்வாங்க" என்றார்.

ப்ளிமத்தை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் பேத்தியோடு மறுபடியும் பாறைக்குப் போனேன். பெரிய வற்றம். கறுப்புப் பாசியை விலக்கிக்கொண்டு ஒரு பாறை இடுக்கில் தலையை விட்டவள், "தாத்தா, இங்கே வந்து பாருங்க! யாரோ ரைஸ் கொட்டியிருக்காங்க" என்று கத்தினாள்.

குனிவது எனக்கு இப்போதெல்லாம் பெரிய காரியம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இடுக்கின் கூரையில், மஞ்சளும் வெள்ளையுமாக, உமி நீக்காத நெல்லை நட்டு வைத்த மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. படத்தில் பார்த்திருந்ததால் தெரிந்தது: நத்தையின் முட்டைக் கூடுகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். அவற்றில் முக்கால்வாசியும் மற்றவற்றுக்கு ஆகாரம். இருபது முப்பது குஞ்சுகள் தேறி வெளியே வந்தால் அதிகம். பக்கத்திலேயே இரண்டு நத்தைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"ரைஸ் இல்லை, கண்ணு. முட்டை."

"தொடலாமா?"

"வேண்டாம்."

எத்தனை என்று எண்ண ஆரம்பித்தாள். நூற்றுப் பதினெட்டு வரை எண்ணினாள். அதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. என் செருப்பு ஒன்று மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க இரண்டு பேரும் ஓடினோம்.